ஆளில்லாத தெரு ஏன் நெஞ்சை அழுத்துகிறது? – கறுப்பு வெள்ளை நகரப் படங்கள் பற்றி

தெருமுனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான்கு நாட்களாக ஒரே ஒரு படத்தையே எடுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் யூஜின் அட்ஜே 1925-ஆம் ஆண்டு மார்ச் மாதக் காலை ஒன்றில் பாரிஸ் நகரத்தின் வலேத் தெரு முனையில் நின்று எடுத்த படம் அது. அருகிலுள்ள வீடுகள் கனத்த இருட்டாக நிற்கின்றன. தெரு முடியும் இடத்தில் பாந்தியோன் கட்டடத்தின் கும்மட்டம் மூடுபனியில் பாதி கரைந்து, அரிசி கழுவிய நீரின் நிறத்தில் வெளிறித் தெரிகிறது. நம்மைத் திரும்பிப் பார்க்கும் முகம் ஒன்றுகூட அதில் இல்லை. அப்படியிருந்தும் அதைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

அதே கும்மட்டத்தைச் சுற்றுலா இணையதளங்களில் வண்ணத்திலும் பார்த்தேன். நீல வானம், வெயில், சிவப்பு மேற்சட்டை போட்ட பயணிகள் என எல்லாம் இருந்தும் எதுவும் மனத்தில் தங்கவில்லை. பழைய நினைவுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் நான் பாரிசுக்குப் போனதே இல்லை. அட்ஜே இறந்து அறுபது ஆண்டுகள் கழித்துத்தான் பிறந்தேன். எனக்கு நினைவே இல்லாத ஊர் எனக்கு எப்படி ஏக்கம் தரும்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வண்ணப் படத்தில் ஒவ்வொரு பொருளும் தன்னைப் பார் என்று கூப்பிடுகிறது. கண் சிட்டுக்குருவியைப் போல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் எதுவும் கூப்பிடுவதில்லை. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்த வழியில் கண் மெதுவாக நடந்து போக வேண்டியிருக்கிறது, அந்த மெதுவான நடையில்தான் மனம் கனக்கத் தொடங்குகிறது. இன்னொன்றும் உண்டு. 1853 முதல் 1870 வரை பாரிசின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த ஹோஸ்மன், பழைய சந்துகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தார். இடிபடாமல் தப்பிய மூலைகள் எப்போது போகும் என்று தெரியாத காலத்தில், 18-க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளையும் மரப்பெட்டிக் கேமராவையும் சுமந்துகொண்டு, ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் அட்ஜே தெருத்தெருவாகப் போனார். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்பதற்கான ஆவணங்கள் என்றே தம் படங்களை அவர் கருதினார். உருக்க வேண்டும் என்ற நோக்கமே இல்லாமல் எடுத்த படம் இப்படி உருக்குவது எதனால்? இருட்டறையில் வேலை செய்தவர்களும் நகரங்களைப் படமெடுப்பவர்களும் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.


இருட்டறை எழுதியது:

அருமையான கேள்வி அம்மா. முதலில் ஒரு திருத்தம். கறுப்பு வெள்ளை என்று நாம் சொன்னாலும், அட்ஜேயின் அசல் அச்சுகள் பழுப்பு நிறத்தவை. தகட்டைத் தாளோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்து, பிம்பம் தானாகத் தாளில் ஏறும்வரை காத்திருந்து எடுத்த அச்சுகள் அவை. படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் இல்லை, தகடு எந்த அளவோ படமும் அந்த அளவுதான். சில படங்களில் மேல் மூலைகள் இரண்டும் கறுத்து வளைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உயரமான கட்டடத்தை உள்ளடக்குவதற்காக லென்ஸை மேலே தூக்கும்போது அதன் ஒளிவட்டம் தகட்டின் மூலைவரை எட்டாமல் போவதால் அப்படி வருகிறது. அந்தக் கறுப்பு மூலைகளே ஒரு சாவித் துவாரத்தின் வழியாக ஊரை எட்டிப் பார்க்கும் உணர்வைத் தருகின்றன.

பனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத் தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாகவும் சிவப்பு ஒளிக்கு மிகக் குறைவாகவும் இணங்குபவை. தூரத்து மங்கலில் சிதறி வருவது பெரும்பாலும் நீல ஒளி என்பதால், கண்ணுக்குத் தெரிந்ததைவிடத் தூரம் இன்னும் வெளிறிப் பதிவாகும். ஆகவே அந்தக் கும்மட்டம் கரைந்து தெரிவதில் காலைப் பனிக்கு ஒரு பங்கு என்றால் தகட்டின் மருந்துக்கும் ஒரு பங்கு உண்டு. அட்ஜே தம் கண்ணால் பார்த்ததைவிட அதிகத் தொலைவு அந்தப் படத்தில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் திருச்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருந்தேன். அப்போதெல்லாம் உதகையில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த இந்து ஃபிலிம்தான் எங்கள் கைக்கு எளிதில் கிடைக்கும். 1960-இல் தொடங்கிய அந்த ஆலையில் 1967-இலிருந்து உற்பத்தி நடந்தது. ஒருநாள் மலைக்கோட்டை அடிவாரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்தார். சாலையை அகலப்படுத்துவதற்காக அவருடைய கடையின் முன்பகுதியை எடுக்கப் போகிறார்கள். அதற்குள் கடையையும் தெருவையும் சேர்த்துப் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டுத் தரும்படி கேட்டார். மறுநாள் காலை மழை விட்ட நேரத்தில் எடுத்தேன். அச்சிடும்போது தாமும் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னதால் உள்ளே அழைத்துப் போனேன்.

சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் புரோமைட் அச்சுத் தாளை, பிம்பத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் தட்டில் அமிழ்த்தி, தட்டின் ஒரு முனையை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்கினேன். பத்து விநாடி வரை வெறும் வெள்ளைத் தாள். பிறகு கடையின் உட்புறத்து இருட்டு முதலில் வந்தது. அதைத் தொடர்ந்து கதவுப் பலகைகளின் இடைவெளிகள், தொங்கிய குடங்களின் அடிப்புற நிழல்கள், அப்புறம் ஈரத் தெரு. வானம் கடைசி வரை வரவில்லை. பெரியவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பா உட்கார்ந்த இடம்தான் முதலில் வருது" என்றார். கடையின் உள்மூலையில், வெளிச்சம் எட்டாத இடத்தில் அவருடைய தந்தையார் கல்லாவில் உட்கார்ந்திருப்பாராம். பிம்பத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவில் தாளைப் போட்ட பிறகும் அவர் வெளியே போகவில்லை.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. வண்ணத்தில் சுவர் சுவராகவும் தோல் தோலாகவும் வானம் வானமாகவும் தனித்தனியே நிற்கின்றன. கறுப்பு வெள்ளையில் இவை அத்தனையும் ஒரே வெள்ளித் துகளால் ஆனவை. பித்தளைக் குடத்தின் மினுக்கும், மழைநீரின் மினுக்கும், அந்தப் பெரியவரின் நெற்றி மினுக்கும் ஒரே பொருளின் அடர்த்தி வேறுபாடுகள்தாம். மனிதரும் அவர் வாழ்ந்த கல்லும் ஒரே சதையாகிவிடுகிறார்கள். அதனால்தான் ஆளில்லாத தெருவிலும் ஆள் இருப்பதாகப் படுகிறது.


செம்பருத்தி எழுதியது:

இருட்டறை ஐயா எழுதியதைப் படித்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அந்தப் பெரியவரின் சொல்லை மறக்க முடியாது. ஆனாலும் இந்த இழை ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக மறுப்பை எழுதுகிறேன். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜெய்ப்பூரில் பிறந்த புகைப்படக்காரர் ரகுபீர் சிங், தாம் இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1998-இல் வெளிவந்த நூலின் முன்னுரையில் இதைப் பற்றி விரிவாக வாதிட்டார். மேலைநாட்டுக் கறுப்பு வெள்ளைப் படங்களில் உள்ள தனிமையும் மனக்கலக்கமும் அந்நாடுகளின் வரலாற்றிலிருந்து வந்தவை என்பதும், இந்தியக் கண் உலகை எப்போதும் வண்ணத்திலேயே கண்டிருக்கிறது என்பதும் அவருடைய வாதத்தின் சாரம். அதை முழுவதுமாக நான் ஏற்கவில்லை என்றாலும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. பனிக்காலப் பாரிசும் நியூயார்க்கும் கல்லும் நிலக்கரிப் புகையும் சேர்ந்து ஏற்கெனவே பாதி சாம்பலாக இருந்த ஊர்கள். பால் ஸ்ட்ராண்ட் 1915-இல் எடுத்த வால் ஸ்ட்ரீட் படத்தில், மார்கன் வங்கிக் கட்டடத்தின் பிரம்மாண்டமான இருண்ட சன்னல் குழிகளுக்குக் கீழே மனிதர்கள் நீண்ட நிழல்களோடு சிறிதாக நடந்து போகிறார்களே, அங்கே வண்ணம் இருந்திருந்தாலும் அது ஒன்றும் கூடுதலாகச் சொல்லியிருக்காது.

நம் ஊரின் துயரம் அப்படியில்லை. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒட்டுச்சுவர் வீடு ஒன்றை இடித்தார்கள். இடித்து முடித்த பிறகு பக்கத்து வீட்டுச் சுவரில் அந்த வீட்டின் உட்புறம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே கூடத்தின் பச்சை, அதற்கு மேல் படுக்கையறையின் ரோஸ், ஓரத்தில் சமையலறைப் புகை படிந்த மஞ்சள். மாடிப்படி ஏறிய தடம் காவி நிறக் கோடாகச் சாய்ந்து போனது. பூசை மாடம் இருந்த இடத்தில் மட்டும் சந்தன நிறம். அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் வெறும் கட்டங்கள்தாம் மிஞ்சும். அங்கே ஒரு குடும்பம் வாழ்ந்தது என்பதை எனக்குச் சொன்னது அந்த ரோஸ் நிறம்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. குடிசைப் பகுதியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அது உடனே கம்பீரமாகிவிடுகிறது. சாக்கடையின் பச்சையும் பிளாஸ்டிக் குப்பையின் பளபளப்பும் போய்விடுகின்றன. பார்ப்பவருக்கு அருவருப்பு இல்லாத துயரம் கிடைத்துவிடுகிறது. அப்படிக் கிடைக்கும் உருக்கத்தை நான் நம்புவதில்லை.


தெருமுனை எழுதியது:

செம்பருத்தி அக்கா, அந்தச் சுவரைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுக்க என்னால் முடியாது. எல்லாத் துயரத்தையும் கறுப்பு வெள்ளையில்தான் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. உங்கள் எடுத்துக்காட்டு வேறொரு வேறுபாட்டைக் காட்டுவதாகவே எனக்குப் படுகிறது. அந்த ரோஸ் நிறம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தைச் சொல்கிறது. அட்ஜேயின் தெரு யாரையும் குறிப்பிட்டுச் சொல்வதில்லை.

ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்ட்டர் பெஞ்சமின் அட்ஜேயைப் பற்றி எழுதியபோது, அவருடைய வெறிச்சோடிய தெருக்களைக் குற்றம் நடந்த இடத்தின் படங்களோடு ஒப்பிடுவது காரணமில்லாமல் இல்லை என்றார். எனக்கு அந்த ஒப்புமை ஒட்டவில்லை. கல்யாண வீட்டுப் பந்தலைப் பிரித்த மறுநாள் காலைத் தெரு ஒன்று உண்டல்லவா, வாழைமரத்தைக் கட்டியிருந்த கயிறு மட்டும் தூணில் கிடக்க, யாரும் எழுந்திராத தெரு. எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.


கீழமாசி எழுதியது:

செம்பருத்தி அக்காவின் கருத்துக்கு மதுரையிலிருந்து ஒரு பதில். கறுப்பு வெள்ளை நம் ஊருக்குப் பிற்காலத்தில் இறக்குமதியான பார்வை என்று சொல்ல முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப், 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1858-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மதுரையைப் படமெடுத்தார். மெழுகூட்டிய காகிதமே அவருக்கு நெகட்டிவ். புது மண்டபம், தெப்பக்குளம், அப்போது பாழடைந்து கிடந்த நாயக்கர் மகால் ஆகியவற்றையெல்லாம் எடுத்திருக்கிறார். மகாலை நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில்தான் செப்பனிட்டார்கள். ஆக, நாம் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கும் மகாலுக்கு முந்தைய மகால் டிரைப்பின் படங்களில்தான் இருக்கிறது.

அவர் எடுத்தவற்றில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் விளக்குத்தூணும் ஒன்று. கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னுக்காக எழுப்பிய தூண் அது. அட்ஜேக்கு ஒரு ஹோஸ்மன் என்றால் எங்களுக்கு ஒரு பிளாக்பர்ன். இன்று அதைச் சுற்றி ஜவுளிக்கடைப் பலகைகளும் ஆட்டோக்களும் வண்டிக்கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், தினமும் அவ்வழியே போகும் நானே தூணை நிமிர்ந்து பார்த்ததில்லை. டிரைப்பின் படத்தில் அது தனியாக நிற்பதைப் பார்த்தபோது, சொந்த ஊரில் வழி தவறியதைப் போன்ற கலக்கம் ஏற்பட்டது. அந்தக் கலக்கம் வண்ணம் இல்லாததால் வந்ததா, ஆட்கள் இல்லாததால் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியவர்களிடம் ஒரு சந்தேகம். என் கைபேசியில் எடுத்த மாசி வீதிப் படங்களை ஒரே தட்டில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். எதுவுமே நடக்கவில்லை. வண்ணம் போனதே தவிர வேறெதுவும் வந்து சேரவில்லை. ஏன்?


துறைமுகம் எழுதியது:

வேலை நிமித்தம் ஹாங்காங்கில் சில ஆண்டுகள் இருந்தேன். அந்த ஊரைப் பற்றிப் பேசினால் புகைப்படக்காரர் ஃபான் ஹோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1931-இல் ஷாங்காயில் பிறந்து, 1949-இல் ஹாங்காங் வந்து, ரோலிஃப்ளெக்ஸ் கேமராவுடன் சந்தைகளிலும் படிக்கட்டுத் தெருக்களிலும் அலைந்தவர். டிராம் தண்டவாளத்தின் ஈரமும், சந்துக்குள் சாய்ந்து விழும் வெயிலில் சமையல் புகையும் அவர் படங்களில் ஓயாமல் வரும்.

எல்லாரும் அறிந்த அவருடைய படம் 1954-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெரிய வெள்ளைச் சுவர். அதன் கீழ் மூலையில் தலை குனிந்து நிற்கும் இளம்பெண். சுவரின் குறுக்கே கத்தியால் வெட்டியதைப் போல இறங்கி வந்து அவள் காலடியைத் தொடப்போகும் கறுப்பு நிழல். இளமை கழிவதை இதைவிடச் சுருக்கமாக யாரும் படத்தில் சொன்னதில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்த நிழல் அன்று அந்தச் சுவரில் இல்லை. காஸ்வே பேயில் உள்ள குயின்ஸ் கல்லூரியின் சுவர் அருகே தம் உறவுப் பெண்ணை நிற்கச் சொல்லி எடுத்த ஃபான் ஹோ, நிழலைப் பின்னர் இருட்டறையில் சேர்த்தார். அதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

இது தெரிந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சில மாதங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவே மனம் வரவில்லை. பின்பு ஒரு மாலை அப்பகுதியில் நடந்துபோனபோது, எதிர்க் கட்டடத்தின் நிழல் ஒரு சுவரில் ஏறுவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பொய் நிழல்தான் உண்மையான நிழலை எனக்குக் காட்டிக்கொடுத்தது. அதன் பிறகு அந்தப் படத்தோடு எனக்குப் பிணக்கு இல்லை.


செம்பருத்தி எழுதியது:

துறைமுகம் அவர்கள் சொன்னது என் சந்தேகத்தை வலுப்படுத்தவே செய்கிறது. வண்ணப் படத்தில் இல்லாத நிழலை அவ்வளவு எளிதாகச் சேர்த்திருக்க முடியாது. ஏற்கெனவே உலகிலிருந்து ஓரடி விலகி நிற்பதால், கறுப்பு வெள்ளையில் இன்னும் நான்கடி விலகினாலும் நமக்குத் தெரிவதில்லை. இதை அதன் வலிமை என்பீர்களா, அபாயம் என்பீர்களா?


இருட்டறை எழுதியது:

இரண்டும் என்பேன் அம்மா. கீழமாசித் தம்பி குறிப்பிட்ட டிரைப்பும் அதைத்தான் செய்தார். காகித நெகட்டிவில் வானம் வெறுமையாகப் பதிவாகிவிடும் என்பதால், நெகட்டிவின் மேலேயே மை தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மதுரை வானத்தில் அன்று அந்த மேகங்கள் இல்லை. நானும் எத்தனையோ படங்களில் கையால் ஒளியை மறைத்து முகத்தை வெளுப்பாக்கியிருக்கிறேன். அட்டையில் துளையிட்டு அதன் வழியாக ஒளியைப் பாய்ச்சி வானத்தைக் கறுப்பாக்கியிருக்கிறேன். ஆனால் இல்லாத ஆளைச் சேர்த்ததில்லை, இருந்த ஆளை அழித்ததும் இல்லை. என் மனத்தில் நான் போட்டுக்கொண்ட கோடு அது. ஃபான் ஹோவின் கோடு வேறிடத்தில் இருந்தது. தாம் எங்கே போட்டார் என்பதை அவர் சொல்லிவிட்டதால் அவர்மேல் எனக்குக் குறையில்லை.

தம்பியின் சந்தேகத்துக்கு வருகிறேன். நீங்கள் வண்ணத்தைப் பார்த்து எடுத்துவிட்டுப் பிறகு அதைக் கழித்திருக்கிறீர்கள். சிவப்புச் சேலையும் பச்சைக் கதவும் வண்ணத்தில் ஒன்றோடொன்று மோதும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிப் படுத்துவிடலாம். உங்களை நிறுத்தியது அந்த மோதல் என்றால், அது போன பிறகு படத்தில் என்ன மிஞ்சும்? இருட்டறைக்காரர்கள் இதற்குக் கண்ணைப் பழக்குவார்கள். தெருவில் நிற்கும்போதே இந்தச் சுவர் எத்தனை வெளுப்பு, இந்த வாசல் எத்தனை கறுப்பு என்று மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். நண்பகலில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். நிறங்கள் பின்வாங்கி ஒளியும் நிழலும் முன்னால் வரும். பழைய நாளில் லென்ஸின் முன் சிவப்பு வடிகட்டியைப் போட்டால் நீல வானம் கறுத்து, வெள்ளைக் கோபுரம் இடி மின்னலுக்குக் காத்திருப்பதைப் போல நிற்கும். உங்கள் கைபேசியிலும் மாற்றும்போது நீலத்தைத் தனியே இறக்கவும் சிவப்பைத் தனியே ஏற்றவும் வசதி இருக்கும். ஒரே தட்டில் மாற்றாதீர்கள்.

நேரமும் முக்கியம். பிராசாய் 1930-களின் தொடக்கத்தில் பாரிசின் இரவுகளை எடுத்தபோது, சிகரெட் எரியும் நேரத்தைக் கொண்டு ஒளி விழும் நேரத்தைக் கணக்கிட்டார். வெளிச்சம் ஓரளவு இருந்தால் ஒரு வகை சிகரெட், இருட்டு அதிகமென்றால் மெதுவாக எரியும் தடித்த சிகரெட். மழையும் மூடுபனியும் அவருக்கு உதவின. விளக்கொளியை உடைத்துப் பரப்பி, கல் பாவிய தெருவைக் கண்ணாடியாக்கித் தந்தன. இரவில் மங்கலான இடங்களைப் பார்க்கும்போது நம் கண்ணுக்கே நிறம் தெரிவதில்லை. மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்கு வண்ணம் பிரித்தறியத் தெரியாது. ஆகவே இரவு நகரத்தின் கறுப்பு வெள்ளைப் படம் நம் உடம்பு ஏற்கெனவே அறிந்த ஒன்று. சிறு வயதில் விளக்கணைந்த தெருவில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.


தெருமுனை எழுதியது:

நேரத்தைப் பற்றி ஐயா எழுதியதும் புகைப்படக்காரர் பெரெனிஸ் அபாட் நினைவுக்கு வந்தார். அவரும் அட்ஜேயின் கதையைச் சேர்ந்தவர்தான். பாரிசில் புகைப்படக் கலைஞர் மான் ரேயிடம் உதவியாளராக இருந்த அபாட், அட்ஜேயைத் தேடிச் சென்று அறிமுகம் செய்துகொண்டார். 1927-இல் தம் ஸ்டுடியோவுக்கு அழைத்து அந்த முதியவரைப் படமெடுத்தார். அச்சுகளைக் காட்டுவதற்காக வீட்டுக்குப் போனபோது அவர் இறந்துபோயிருந்தார். அடுத்த ஆண்டு, கலைப்பொருள் வணிகர் ஜூலியன் லெவியின் பண உதவியுடன், அட்ஜேயிடம் எஞ்சியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளையும் ஆயிரக்கணக்கான அச்சுகளையும் வாங்கிப் பாதுகாத்தார். 1968-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றைப் பெறும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தச் சுமை அவருடையது. நான் நான்கு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கும் படம் என்னை வந்தடைந்ததற்கு முதல் காரணம் அந்தப் பெண்மணியே.

1929-இல் நியூயார்க் திரும்பிய அபாட், அட்ஜே பாரிசுக்குச் செய்ததைத் தம் ஊருக்குச் செய்யத் தொடங்கினார். 1935 முதல் அரசின் கலைத் திட்ட நிதி கிடைத்தது. ஆனால் நான் சொல்ல விரும்பும் படம் அதற்கு முந்தையது. 1932 என்று ஆண்டு குறிக்கப்படும் அந்த இரவுக் காட்சியில், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உயரத்திலிருந்து நகரம் கீழே தெரிகிறது. தெருக்கள் உருகிய உலோகம் போல ஓட, ஆயிரக்கணக்கான சன்னல்கள் எரிகின்றன. அதற்கு 15 நிமிடம் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அலுவலகங்கள் ஐந்து மணிக்கு முடிந்து விளக்குகள் அணையத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே வானம் நன்றாக இருட்டியிருக்க வேண்டும். இரண்டும் கூடிவருவது பகல் மிகக் குறுகிய டிசம்பர் நாட்களில் மட்டுமே. அப்படிப்பட்ட ஒரு மாலைப் பொழுதில், அரைமணி நேரத்துக்குள் கிடைத்த படம் அது.

இதைத் தெரிந்துகொள்வதற்கு முன் எனக்கு அது அழகான படம் மட்டுமே. இப்போது ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியிலும், பெருமந்தக் காலத்தில் வேலை மிஞ்சியிருந்த யாரோ ஒருவர், இன்னும் சில நிமிடங்களில் மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொள்ளப் போகிறவர், கடைசிக் கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பதாகப் பார்க்கிறேன். செம்பருத்தி அக்கா, ஆள் தெரியாத படத்தில் ஆள் இருப்பதாக நான் சொல்வது இதைத்தான். உங்கள் ரோஸ் சுவரில் ஒரு குடும்பம் இருக்கிறது. இங்கே முகம் தெரியாதவர்கள் அத்தனை பேரும் ஒரே வெள்ளை.


செம்பருத்தி எழுதியது:

தெருமுனை, இந்தப் படத்துக்காக நான் இறங்கி வருகிறேன். அந்தச் சன்னல்கள் சிலவற்றில் மஞ்சளும் சிலவற்றில் வெண்மையும் இருந்திருந்தால் நான் விளக்குகளைப் பார்த்திருப்பேன். நீங்கள் சொல்லும் மனிதர்களை அல்ல. குடிசைப் படங்களைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை, அதை இன்னொரு இழையில் தனியே பேசுவோம்.


கீழமாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இருட்டறை ஐயா சொன்னபடி செய்து பார்த்தேன். நண்பரிடம் கேமராவும் முக்காலியும் இரவல் வாங்கிக்கொண்டு, நேற்று விடியற்காலை ஐந்து மணிக்கு விளக்குத்தூணுக்குப் போனேன். கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன; ஓரத்தில் இருந்த டீக்கடையில் மட்டும் பாய்லர் சூடேறிக்கொண்டிருந்தது. லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி 30 விநாடி திறந்து வைத்தேன். அந்த நேரத்தில் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் தூணின் அடிவாரத்தைக் கூட்டிக்கொண்டே இடமிருந்து வலமாகப் போனார். படம் கெட்டது என்று நினைத்து, அவர் போன பிறகு இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நீலத்தை இறக்கி மாற்றியபோது, இரண்டாவது படம் சுத்தமாக, உயிரில்லாமல் இருந்தது. முதல் படத்தில் அந்த அம்மா இல்லை. ஓரிடத்தில் மட்டும், குப்பையை அள்ளுவதற்காக நின்றிருப்பார் போலிருக்கிறது, தரைக்குச் சற்று மேலே புகை போல ஒரு வெளுப்பு இருக்கிறது. ஆனால் அவர் கூட்டிச் சென்ற தரை முழுவதும் தென்னந்துடைப்பத்தின் கீற்றுகள் விசிறி விசிறியாகத் தெளிவாகப் பதிந்திருக்கின்றன. தூண் அதற்கு நடுவே நிற்கிறது.


இருட்டறை எழுதியது:

முதல் படத்தை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அட்ஜேயின் தெருக்களிலும் நடந்து போனவர்கள் அப்படித்தான் புகையாகப் பதிந்திருப்பார்கள். அந்த அம்மாவிடம் காட்டினீர்களா?


கீழமாசி எழுதியது:

இன்று காலை அச்சிட்டுக் கொண்டுபோனேன் ஐயா. தெருவிளக்கின் கீழே நின்று வெகுநேரம் பார்த்தார். அந்தப் புகையை அவர் கவனிக்கவே இல்லை. கீற்றுகளின் மேல் விரலை வைத்து, "இது வெள்ளிக்கிழமை கூட்டினது, புதுத் துடைப்பம்" என்றார்.